லாரிக்கு மதம் தெரியுமா?

எட்டுப் பேரைக் கொன்ற கொலைகாரனைப் பிடித்துவிட்டதாகத் தூத்துக்குடி முழுக்கப் பேச்சு. யார் அந்தப் பாதகன் என்கிறீர்களா? ஒரு சந்து! வாயைத் திறந்து 'நான் இல்லை சாமி' என்று சொல்லத் தெரியாத ஒரு சந்து. முனையில் குருசடி என்கிற சிலுவைக் கோயில் இருப்பதால் குருசடிச் சந்து என்று பெயர். நாளைக் காலையில் அதன் குறுக்கே செங்கல் சுவர் எழுப்பி அடைக்கப் போகிறார்கள்.

"தூக்குல போடத்தான் பாத்திருப்பானுவ அண்ணாச்சி. சந்துக்குக் கழுத்து எங்கன இருக்குன்னு தெரியல போல," என்றேன்.

பொன்னுதுரை சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பறியும் பொன்னுதுரைக்குச் சொந்த ஊர் நாசரேத். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துக்களை விசாரித்துக்கொண்டிருந்தவர். பணம் கொடுக்காமல் தப்பிக்கத்தான் கம்பெனி தன்னை விசாரிக்கச் சொல்கிறது என்று புரிந்த அன்றைக்கே வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர். நான் ஹாமிது, காயல்பட்டணம். உதவியாளன் என்று போர்டில் என் பெயரும் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே, மழை பெய்தால் முதலில் அழிகிற இடத்தில்.

வந்திருந்தவள் அந்தோணியம்மாள். கடற்கரை மீன்காரிகள் யாருக்கு என்ன சங்கடம் வந்தாலும் முதலில் இவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சண்டைக்கு நிற்பவள் போல இருந்தாள்.

"ஐயா, கரையில இருந்து மார்க்கெட்டுக்கு நாங்க போறது அந்தச் சந்து வழியாத்தான். அதை அடைச்சா அம்புட்டுப் பொம்பளைகளும் மீன் கடகப்பெட்டியைத் தலையில வச்சிக்கிட்டு உப்புக்கிட்டங்கி மூலையைச் சுத்தித்தான் போகணும். லாரி பூரா திரும்புத இடம் அது! எங்களை மனுசின்னு நினைச்சானுவளா, மீனுன்னு நினைச்சானுவளா?"

"குருசடிகிட்டதான் அஞ்சு பேரு செத்திருக்காங்கன்னு கமிட்டி சொல்லுது. உங்க மருமகளும் அதுல ஒருத்தி," என்றார் பொன்னுதுரை.

"ஞானசௌந்தரி." பெயரைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிவிட்டது. "மிச்சப்பட்ட மீனுக்குப் போட உப்பு வாங்கப் போனா. குருசடி வாசல்ல லாரி அடிச்சிட்டு. சந்தியாகப்பர் பாதத்துல, செபத்தைக் கேட்டுக்கிட்டேதான் உயிரு போச்சு. நல்ல மரணம் ஐயா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"நாளைக் காலைக்குள்ள பாக்கேன்," என்றார் பொன்னுதுரை.

அவள் போன பிறகும் எனக்குக் கோபம் தணியவில்லை. யுத்தம் முடிந்து இது மூன்றாவது வருஷம். பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவன் எல்லாம் முதலாளி, ஸ்டியரிங்கைப் பிடித்தவன் எல்லாம் டிரைவர். உப்பும் பஞ்சும் துறைமுகத்துக்குப் பறந்தன. குறுக்கே நடந்தவர்கள் செத்தார்கள். ஒருவர் இருவர் செத்தவரை தலைவிதி என்றார்கள். எட்டாவது ஆள் செத்த பிறகுதான் வீதிப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று முளைத்தது. தலைவர் வன்னியபெருமாள். உப்புக்கிட்டங்கி என்கிற அந்த உப்புக் கிடங்கின் முதலாளி.

நேரே அவரிடமே போனோம். கிட்டங்கி மாடியில் மின்விசிறிக்குக் கீழே சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். சுவரில் தெருப் படம் ஒன்று தொங்கியது. அதில் சிவப்பு மையில் எட்டுப் புள்ளிகள்.

"போலீஸ் ரிப்போர்ட் அத்தனையும் வாங்கி, எந்த எந்த இடத்துல செத்தான்னு புள்ளி வச்சோம் தம்பி. சீமையில இப்படித்தான் செய்தானாம். எங்கன புள்ளி கூடுதலோ அங்கன தெருவைத் திருத்தணும். குருசடியில அஞ்சு, சந்துக்குள்ள இருந்து திடீர்னு ரோட்டுக்கு வாராங்க. பள்ளிவாசல்கிட்ட ரெண்டு. கணக்கு பொய் சொல்லாது!"

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதை ஒப்புக்கொள்ள எனக்குத்தான் மனசில்லை.

"இது?" பொன்னுதுரையின் விரல், மற்றப் புள்ளிகளை விட்டுத் தனியாக நின்ற எட்டாவது புள்ளிமேல் இருந்தது. கிட்டங்கி மூலை.

"அது கணக்குல சேராது. எவனோ குடிகாரப் பய, ரோட்டுல விழுந்து கிடந்தான். கிருபாநிதின்னு பேரு. நாசரேத்தாம்."

பொன்னுதுரையின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு மெதுவாகிவிடும்.

"எங்க ஊர் வாத்தியார் கிருபாநிதி. லீவுல மச்சானைப் பாக்க வந்தவன். லாரியில அடிபட்டுச் செத்தான்னு தெரியும். குடிச்சிருந்தான்னு இப்பத்தான் கேள்விப்படுதேன். கோயில்ல நற்கருணை ரசத்தையே மூக்கைச் சுளிச்சிக்கிட்டுக் குடிக்கிறவன் முதலாளி அவன்!"

"செத்தவனைப் பத்தி நமக்கு என்னத்துக்கு?" என்று வன்னியபெருமாள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். வெளியே போங்கள் என்பதற்கு அது மரியாதையான பாஷை.

அறைக்குத் திரும்பியதும் பொன்னுதுரை தரையில் சாக்பீஸால் தெருவை வரைந்தார். தென்கோடியில் குருசடி. வடகோடியில் பள்ளிவாசல். இரண்டுக்கும் நடுவில், பக்கத்துத் தெருவிலிருந்து லாரிகள் திரும்பும் கிட்டங்கி மூலை.

"உன் கையில என்னலே?"

"வறுத்த கடலை."

"கொண்டா." வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் ஐந்து பேருக்கும் குருசடியில் கடலை வைத்தார். முஸ்லிம்கள் இரண்டு பேருக்கும் என் பேரீச்சங்கொட்டைகள் இரண்டைப் பள்ளிவாசலில் வைத்தார். கிருபாநிதிக்கு எதுவும் கிடைக்கவில்லை. தன் சட்டையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொத்தானைப் பிய்த்து மூலையில் வைத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். பசித்தது.

"ஏலே, குருசடியில நாலுதான் இருக்கு!"

"பசிச்சிது அண்ணாச்சி."

"சாட்சியைத் தின்னுட்டு நிக்கான் பாரு! அதே டிரைவர் திரும்பத் திரும்ப அடிச்சிருப்பானோன்னு பாத்தேன். இல்ல. ரிப்போர்ட்டுப்படி எட்டுக்கும் எட்டு லாரி, எட்டு டிரைவர். ஒருத்தனுக்கு ஒருத்தன் சம்பந்தமே இல்ல."

"டிரைவர் எவனா இருந்தாலும் பெரிய ஞானி அண்ணாச்சி," என்றேன், வாயில் கடலையோடு. "வேதக்காரங்களைக் குருசடியில அடிக்கான். எங்க ஆளுகளைப் பள்ளிவாசல்ல அடிக்கான். தூக்கி அடக்கம் பண்ணத் தோதா!"

பொன்னுதுரை நிமிர்ந்தார். "என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னதைத் திரும்பச் சொல்லுலே!"

சொன்னேன். அவர் கண்கள் கடலைக்கும் கொட்டைக்குமாகப் போய் வந்தன. நான் தின்றதையும் சேர்த்து ஐந்து கடலையும் ஒரே இடம். இரண்டு கொட்டையும் ஒரே இடம். ஒரு கடலைகூடப் பள்ளிவாசல் பக்கம் போகவில்லை. ஒரு கொட்டைகூடக் குருசடிப் பக்கம் வரவில்லை.

"லாரிக்கு மதம் தெரியுமாலே ஹாமிது?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மோதினார் காஜா முஹ்யித்தீன் எனக்குத் தெரிந்தவர்தான். பாங்கு சொல்லுகிற குரல் மட்டும் கணீரென்று இருக்கும்; பேசினால் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டும்.

"காக்கா, லாரியில அடிபட்டு ரெண்டு பேரு இங்கன மவுத்தானாங்களே," என்றேன்.

"ஆமா. இந்தப் படியிலதான். கலிமாச் சொல்லிக் குடுத்தேன்."

"எங்கன அடிபட்டாங்க?" என்று பொன்னுதுரை கேட்டார்.

மோதினார் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "அங்கன, கிட்டங்கி மூலையிலதான். மனுசனை ரோட்டுல போட்டு மவுத்தாக விடுவோமா? தூக்கிக்கிட்டு ஓடியாந்தோம்."

"போலீஸ்ல இதைச் சொல்லலியா காக்கா?"

"எங்கன மவுத்தானாருன்னு கேட்டாங்க. இங்கனன்னு சொன்னேன். எங்கன அடிபட்டாருன்னு யாரும் கேக்கலியே வாப்பா!"

அடப்பாவிகளா! உயிருக்குப் போராடுகிறவனைச் சாமியிடம் கொண்டுபோய்க் கிடத்துகிற ஊர் இது. குருசடியிலே ஐந்து பேர் விழுந்தார்கள் என்று எழுதியவன் ஒருவனாவது, அடிபட்ட பெண் எப்படி அத்தனை ஒழுங்காகச் சிலுவைக்கு முன்னால் படுத்திருந்தாள் என்று யோசித்தானா? அதை நம்பிப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியை நம்பிச் சுவர் எழுப்பி, மிச்சமிருக்கிற பெண்களையும் நிஜமான கொலைக்களத்துக்கே ஓட்டிவிடப் போகிறார்கள்.

"உங்க கிருபாநிதி மட்டும் ஏன் அண்ணாச்சி மூலையிலயே கிடந்தான்?"

"அவனுக்கு இந்தத் தெருவுல யாரைத் தெரியும்?" என்றார் பொன்னுதுரை.

மூலைக்குப் போனோம். வெயில் இன்னும் இருந்தது. கிட்டங்கியை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஒரு கல்மேடை, லாரியில் மூட்டை ஏற்றுவதற்கு. மேடையின் நடுவில் ஒரு தெருவிளக்குக் கம்பம் நின்றது. பொன்னுதுரை அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, இப்படியே தெரு ஓரமா நடந்து மூலையைத் திரும்பு பாப்போம்."

நடந்தேன். மேடை வந்தது. ஏற முடியாது, மூட்டை அடுக்கியிருந்தது. சுற்றிப் போகத் தெருவில் இறங்கினேன். இறங்கிய அதே நேரம் மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு திரும்பியது. டிரைவருக்கு நான் தெரியவில்லை. எனக்கு டிரைவர் தெரியவில்லை. பொன்னுதுரை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில் காலர் அவர் கையோடு போய்விட்டது.

"காயல்பட்டணத்துக்குத் தந்தி குடுக்க வச்சிருப்பீங்களே அண்ணாச்சி!" என்று கத்தினேன். கோபமாகக் கத்தியதாக நினைத்தேன், அழுகையாகத்தான் வந்தது.

அவர் கம்பத்தைத் தட்டிக் காட்டினார். "தெருவிளக்கை எங்கன நடுவாங்க?"

"தெருவுல."

"இது எங்கன நிக்குது?"

"முதலாளி மேடையில."

"கம்பம் நடந்து வந்து மேடையில ஏறியிருக்குமா, மேடை வந்து கம்பத்தை முழுங்கியிருக்குமா?"

காலையில் குருசடிச் சந்து நிரம்பிவிட்டது. இரண்டு கட்டைவண்டியில் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, கொத்தனார் நாலு பேர். மேற்பார்வைக்குச் சர்க்கார் இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். வன்னியபெருமாள் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன்காரிகள் கடகத்தைத் தரையில் இறக்கிவிட்டு, சண்டைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுதுரை இன்ஜினியரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மோதினாரும் வந்து தன் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு பேரை மூலைக்கு மாத்திக்கிடுங்க, நான் வேண்டாங்கல," என்று வன்னியபெருமாள் சிரித்தார். "குருசடியில இன்னும் அஞ்சு இருக்கே? மூலையில அடிபட்டாங்கன்னு சொல்ல ஒரு ஆளு உண்டா? இந்த அம்மாவே குருசடின்னுதான போலீசுல சொல்லியிருக்கு!"

இன்ஜினியர் அந்தோணியம்மாளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

"ஆமா," என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "குருசடியிலதான்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. பொன்னுதுரை அவள் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"உப்பு கிட்டங்கியிலதான் விக்குது அந்தோணியம்மா. உங்க மருமக அங்கனதான் போனா. உயிரோட தூக்கிட்டு வந்தீங்களா?"

அவள் அடிக்குரலில் வெடித்தாள். "ரோட்டுல செத்தான்னு சொல்லச் சொல்லுதீரா? நாய் மாதிரி, மூஞ்சியில மண்ணோட, செபம் இல்லாம, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம செத்தான்னு ஊருக்கு முன்னால சொல்லணுமா? அவளைப் பெத்தவ இன்னும் உயிரோட இருக்கா! என் மவன் கப்பல்ல இருந்து வந்து, எப்படிம்மா போனான்னு கேட்டான். நல்ல மரணம்லேன்னு சொன்னேன். அதைப் பொய்யின்னு சொல்லணுமா நான்?"

பொன்னுதுரை ஒதுங்கி நின்றார்.

"ஆகட்டும், முதல் கல்லை வைங்கலே," என்றார் வன்னியபெருமாள்.

கொத்தனார் சாந்தை எடுத்து வைத்தான். செங்கல்லை அழுத்தினான். சந்து அடைபட்டாயிற்று என்று மீன்காரி ஒருத்தி தன் கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கிட்டங்கி மூலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். சின்னப் பெண். ஞானசௌந்தரி வயதுதான் இருக்கும்.

"ஏளா, நில்லு!"

அந்தோணியம்மாள் போட்ட சத்தத்தில் கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"பொய் சொன்னேன்! ஐயா, இன்ஜினியரே, எழுதிக்கிடும். என் மருமக கிட்டங்கி மூலையிலதான் அடிபட்டா. அங்கனயே செத்துட்டா. நான் தூக்கும்போதே உடம்பு தொங்கிட்டு. பொணத்தைத்தான் கொண்டாந்து குருசடியில கிடத்தினேன். ஏளா, நீங்கல்லாம் ஏன் வாயை மூடிக்கிட்டு நிக்கிய? உங்க ஆளுகளையும் அங்கன இருந்துதான தூக்குனோம்? சொல்லுங்களா!"

ஒருத்தி அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு இன்னொருத்தி. "என் தங்கச்சியும் அங்கனதான்." "எங்க அய்யாவும்."

அந்தோணியம்மாள் அதோடு விடவில்லை. வன்னியபெருமாளிடம் போய் நின்றாள். அவர் ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"முதலாளி, உமக்குத் தெரியாதா? மேடை மேல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு! 'சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க, லாரி நிக்குது'ன்னு சத்தம் போட்டது யாரு? நாங்க தூக்கிட்டுப் போனது உமக்குத் தோதாப் போச்சு, இல்ல? படத்துல புள்ளி குருசடியில விழுந்துட்டு, உம்ம மேடை தப்பிச்சிட்டு!"

வன்னியபெருமாள் இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"எட்டுப் பேருல ஏழு பேரைத் தூக்கிட்டுப் போக ஆளு இருந்தது," என்றார் பொன்னுதுரை, மெதுவாக, ரொம்ப மெதுவாக. "ஒருத்தனுக்கு இல்ல. அதனால அவன் மட்டும் அடிபட்ட இடத்துலயே கிடந்தான். உங்க படத்துல ஒரே ஒரு புள்ளிதான் முதலாளி உண்மை. அவனைத்தான் குடிகாரன்னு சொல்லித் தள்ளிட்டீங்க."

இன்ஜினியர் மூலைக்கு நடந்தார். கூட்டமே பின்னால் போனது. மேடையில் நிற்கிற கம்பத்தைப் பொன்னுதுரை காட்டினார். இன்ஜினியர் அதைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், சுவர் கட்ட வந்த கொத்தனாரைக் கூப்பிட்டு ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னார். கடப்பாரை இரண்டு நெம்பு நெம்பியது. அடியில் பழைய நடைபாதைக் கல் இருந்தது. காலங்காலமாக ஆட்கள் நடந்து வழவழவென்று தேய்ந்த கல்.

"இது சர்க்கார் பாதை. மேடை பூராவும் போகணும்," என்றார் இன்ஜினியர்.

வன்னியபெருமாள் வக்கீல், கோர்ட்டு என்று ஏதோ தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்தோணியம்மாளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்தில் இல்லை.

குருசடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தினமும் மருமகளுக்காக அங்கே ஏற்றுகிற மெழுகுதிரி கையில் எரிந்தது. அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தெருவின் நடுவிலேயே நடந்து வந்தாள். துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. டிரைவர் ஹார்ன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனை நானே இறக்கி உதைத்திருப்பேன்.

பெயர்த்த கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து மெழுகுதிரியை நிறுத்தினாள்.

"ஏளா ஞானசௌந்தரி, நீ இங்கனதான் செத்த. உனக்கு ஒருத்தரும் செபம் சொல்லல. அதை ஊருக்கே சொல்லிப்புட்டேன். மாமியா மேல கோவிச்சிக்கிடாத."

பொன்னுதுரை சட்டைப் பையைத் துழாவி, கிருபாநிதிக்காக வைத்த அந்தப் பொத்தானை எடுத்தார். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கடப்பாரையோடு நின்ற கொத்தனாரைப் பார்த்தாள்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? இடி!"